ஈயோ என்று சொல்லவேண்டிய இடத்தில்

டொங்கா என்பது ஒரு நாடு என்று எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே சிரிப்பைத் தொடக்கிவைப்பது கொஞ்சம் கௌரவமாக இருக்கும். எண்பதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த மணியண்ணை, அரிசிப் பையை என் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டே, "தம்பி, இங்கிலிஷ் படம் ஒண்டுக்கு ஆக்கள் தேடுறாங்கள். டொங்கா ஆக்களா நடிக்கவேணும். ஏலுமோ?" என்று கேட்டார். என் காதில் விழுந்தது 'தொங்குற ஆக்கள்' என்றுதான். சண்டைப் படம் என்றும் சொன்னார். சண்டைப் படத்தில் எதிலாவது தொங்குவதற்கு ஆட்கள் தேவைப்படுவது நியாயம்தானே. "ஓம் அண்ணை, ஏலும்" என்று சொல்லிவிட்டு வந்து, படுக்கையறைக் கதவின் மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்கிப் பழகினேன். இரண்டாம் நாள் கதவு என்னோடு சேர்ந்து கீழே வந்தது.

அந்த அறையில் என்னோடு இருந்தவர் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் பூமிசாத்திரம் படிப்பித்துவிட்டு, லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் சிகரெட் விற்றுக்கொண்டிருந்தவர். கதவுக்கு அடியில் கிடந்த என்னை அவர் தூக்கிவிடவில்லை. "பசிபிக் சமுத்திரத்தில இருக்கிற ஒரு ராச்சியத்தை நீ கதவில தொங்கவிட்டிருக்கிறாய்" என்றார். பிறகு, தானும் வருவதாகச் சொன்னார். அவருக்கு அந்த ராச்சியத்தின் மீது ஆசையா, பெட்ரோல் நிலையத்தின் மீது வெறுப்பா என்று நான் கேட்கவில்லை.

ஏன் எங்களைத் தேடினார்கள் என்பதை அங்கே போனபிறகுதான் புரிந்துகொண்டேன். கிழக்கு லண்டனில், ஆற்றோரம், கப்பல்கள் வருவது நின்றுபோன ஒரு பழைய பண்டகசாலை. அதற்குள்ளே லொறி லொறியாக மணல் கொட்டி, பிளாஸ்டிக் தென்னைகளை நட்டு, பின்னால் நீலத்துணி விரித்து ஒரு தீவைச் செய்துவைத்திருந்தார்கள். தீவில் எங்கள் மூச்சு புகையாக வந்தது. பழுப்பு நிறமாக, சுருள் முடியோடு, மார்கழிக் குளிரில் சட்டையைக் கழற்றச் சொன்னால் ஏன் என்று கேட்காத மனிதர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். அந்தக் காலத்தில் லண்டனில் ஏன் என்று கேட்காத மனிதர்கள் என்றால் நாங்கள்தான். எங்களில் பாதிப்பேருக்கு அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். படத்தின் கதாநாயகன். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த ஒரேயொரு டொங்காக்காரர். ரக்பி விளையாட லண்டனுக்கு வந்து, முழங்கால் போய், இரவு விடுதிகளின் வாசலில் நின்று, பிறகு படங்களில் தடியன்களுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுபவராகி, ஒருவழியாகக் கதாநாயகன் ஆனவர். கதவுக்குள் நுழைய வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பவேண்டும், அவ்வளவு பெரிய உடம்பு. எங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதலாவது ஆளிடம் தன் மொழியில் ஏதோ கேட்டார். அந்த ஆள் வல்வெட்டித்துறைக்காரன், பல்லைக் காட்டினான். அடுத்தவனிடம் கேட்டார். அவனும் பல்லைக் காட்டினான். மூன்றாவதாக நின்ற என்னிடம் வரும்போதே அவருடைய முகம் மாறிவிட்டது. தன்னுடைய ஊர்க்காரர்களைக் கூட்டிவருவதாக அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு விமான டிக்கெட் விலையைப் பார்த்திருக்கிறார்கள்.

"நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கயும் தீவுதானே" என்றார். யாருக்கு ஆறுதல் சொன்னார் என்று தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் இத்தனை வருடங்களில் என் நினைவுக்குள் அவர் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறிவிட்டார். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வாயில் இன்னொருவருடைய பாஷையைத் திணிக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஓம், அதையேதான் அந்தப் படக் கம்பனியும் செய்தது. நாங்கள் அவரை 'டொங்கா அண்ணை' என்றோம். அவருக்கு அது பிடித்திருந்தது. அண்ணை என்றால் என்ன என்று கேட்டு, தெரிந்தபிறகு, மணியண்ணை சாப்பாடு கொண்டுவந்தால் முதல் கவளம் தனக்கு என்று உரிமை கொண்டாடினார்.

படத்தின் கதை இதுதான்: டொங்காவின் அரச குடும்பத்துப் பரம்பரைப் பாய் ஒன்றை யாரோ திருடி லண்டனுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இவர் வந்து, ஒரு வெள்ளைக்காரத் திருடனோடு கூட்டுச் சேர்ந்து, அடித்து நொறுக்கி, பகிடி விட்டுச் சிரிக்கவைத்து, அதை மீட்கிறார். பாய் என்றால் நாங்கள் படுக்கும் பாய் அல்ல. தாழையோலையில் பின்னி, தலைமுறை தலைமுறையாக வைத்திருந்து, பெரிய இடங்களுக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவது. எவ்வளவு பழையதோ, எவ்வளவு கிழிந்ததோ, அவ்வளவு மதிப்பு. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பாய்க்காக யார் சண்டை பிடிப்பான் என்று சொல்லி அதைச் சிவப்புக் கண் வைத்த தங்கப் பொம்மையாக மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு உடுக்கத் தந்தது புல்லுப் பாவாடை. அது வேறெந்தத் தீவுக்கோ வேறெந்தப் படத்துக்கோ தைத்தது. டொங்கா அண்ணை உடுப்புக்காரப் பெண்ணிடம், "எங்கட ஆக்கள் இதைக் கட்டமாட்டினம்" என்று சொல்வதும், அவள் மிகவும் அன்பாக, "எல்லோருக்கும் அளவாக இருக்கிறதே" என்று சொல்வதும் எனக்குக் கேட்டது.

பாய் போய், ஆட்கள் போய், உடுப்பும் போனபிறகு அவரிடம் மிச்சமிருந்தது ஒரு காட்சி. தலைவன் முன்னால் ஊர் கூடியிருக்கும். கதாநாயகன் எழுந்து தன் மொழியில், "என்னோடு வருவீர்களா?" என்று கேட்பான். ஊர் முழுவதும் எழுந்து நின்று 'ஈயோ' என்று சொல்லும். ஈயோ என்றால் அவர்கள் மொழியில் ஆம், எங்கள் ஓம். இந்தக் காட்சி டொங்கா மொழியிலேயே இருக்கவேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார். அதற்குக் காரணம் அவருடைய மாமி.

அந்த ஊரில் தகப்பனின் மூத்த சகோதரிதான் குடும்பத்துக்கு எல்லாம். கல்யாணத்திலும் செத்த வீட்டிலும் அவர் சொல்வதுதான் சட்டம். அவர் முன்னால் தகப்பனே குரலை உயர்த்தமாட்டாராம். எங்களுடைய மாமிமாரையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன், விளங்கியது. இவர் படத்தில் நடிக்கப்போவதாக டெலிபோனில் சொன்னபோது மாமி கேட்டாராம்: "வெள்ளைக்காரர் எங்களைப் பாத்துச் சிரிக்கிறதுக்கோ?" இவர், இல்லை மாமி, எங்களுடைய பாஷை படத்தில் வருகிறது, நீங்கள் கேட்பீர்கள் என்றாராம். மாமி டெலிபோனை வைத்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் மணலில் ஒரு சின்னக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"நீ இங்கிலிஷ் பேசுறாய், உன்ர ஆக்களுக்குச் சொல்லிக் குடு. ஒரு சொல்லுத்தான்" என்றார் என்னிடம்.

ஒரு சொல்லுத்தான். எனக்கோ எதையும் நேராகச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. "அண்ணைமார், சுகமான வேலை. ஐயோவில இருக்கிற ஐயை வெட்டி எறிஞ்சுபோட்டு, ஈயைப் போடுங்கோ. பறக்கிற ஈ. ஈயோ!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சொன்னார்கள். நன்றாகத்தான் வந்தது. டொங்கா அண்ணை தூரத்திலிருந்து கேட்டுவிட்டு ஓடிவந்தார். ஐயோ என்றால் என்ன என்று கேட்டார். "அது வேற சொல்லு. உங்களுக்குத் தேவைப்படாது" என்றேன்.

தலைவனாக நடித்தவர் மாஸ்டர். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லும் வேலை: மாலோ எ லெலெய். அதை அவர் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்து, குளிக்கும்போதும் சொன்னார். ஆனால் புல்லுப் பாவாடையோடு, வெறும் மேலோடு, பெண்பிள்ளைகள் நடமாடும் அந்த இடத்தில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து தன்னுடைய சால்வையை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். டொங்கா அண்ணை அதைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"உதை ஏன் இடுப்பில கட்டுறியள்?"

"பெரியாக்களுக்கு முன்னால, சுவாமிக்கு முன்னால தோளில போடுறேல்ல. இறக்கி இடுப்பில கட்டுறதுதான் மரியாதை" என்றார் மாஸ்டர், வகுப்பில் சொல்வதுபோல.

அடுத்த நாள் எல்லோரும் சால்வை கொண்டுவரும்படி டொங்கா அண்ணை கேட்டுக்கொண்டார். கொண்டுவந்தோம். கோவில் சால்வை, கல்யாணச் சால்வை, ஒருவனிடம் இல்லை, அவன் குளிக்கிற துவாயைக் கொண்டுவந்தான். எல்லோரும் புல்லுப் பாவாடையை மறைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மணலில் வட்டமாக உட்கார்ந்தோம். அவர் எங்களைச் சுற்றி நடந்து ஒவ்வொருவருடைய முடிச்சையும் சரிபார்த்தார். "பாயில்ல. ஆனா மரியாதை இருக்கு" என்றார். அந்தப் பண்டகசாலையில் அவர் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தது அந்த ஒரு காலைதான். மாஸ்டர் என் காதுக்குள், "பாவி மனுசன், எங்களை நம்பிட்டான்" என்றார்.

காட்சி இப்படி. அவர் கேட்பார், நாங்கள் எழுந்து ஈயோ என்று முழங்குவோம், அதன்பிறகு எதிரிகள் வைத்த குண்டில் பின்னாலிருக்கும் குடிசை வெடிக்கும். வெடிக்கும் என்று எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். சின்னச் சத்தம்தான் என்றார்கள். மாஸ்டர், மாலோ எ லெலெய் என்றார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் டொங்காவின் ராசாவே எழுந்து நின்றிருப்பார். டொங்கா அண்ணை நடுவில் வந்து நின்று, தன் மொழியில், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். நாங்கள் மூச்சை இழுத்தோம்.

குடிசை அப்போதே வெடித்தது.

யாருடைய கை முந்தியதோ தெரியாது. சின்னச் சத்தம் அல்ல, தகரக் கூரை முழுவதும் அதிர்ந்து திரும்பி வந்த சத்தம். இதை நான் பகிடியாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன், இங்கேயும் அப்படிச் சொல்லத்தான் நினைத்தேன். நாங்கள் எல்லோரும், ஒருவர் மிச்சமில்லாமல், "ஐயோ!" என்று கத்திக்கொண்டு மணலில் குப்புற விழுந்தோம். விழுந்து, தலைக்கு மேல் கையை வைத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டோம். ஷெல் விழும்போது காது போகாமலிருக்க வாயைத் திறக்கவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாஸ்டர் எனக்கு மேலே விழுந்து கிடந்தார். அவருடைய நெஞ்சு அடிப்பது என் முதுகில் கேட்டது. நடுவில் டொங்கா அண்ணை மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அமைதியாயிற்று. அதன்பிறகு கமெரா பக்கத்திலிருந்து சிரிப்பு. ஒருவர் தொடங்கி, இன்னொருவர் தொடர்ந்து, கடைசியில் எல்லோரும். நாங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அவர்கள் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்வது?

இன்னொரு தரம் எடுக்கவேண்டும் என்றார் டொங்கா அண்ணை. குடிசை ஒன்றுதான் இருந்தது என்றார் இயக்குநர். இயக்குநர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. மெலிந்த, நல்ல மனதுள்ள இளைஞர், எங்களுக்குத் தேநீர் போதுமா என்று ஒவ்வொரு நாளும் கேட்பவர். அந்தப் படத்தில் ஒரே நேரத்தில் எட்டுப்பேரைத் தூக்கி எறியும் டொங்கா அண்ணை, அந்த இளைஞருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களிடம் திரும்பி வந்து, "நாங்கள் எல்லாரும் சேந்து நடிக்க மறுத்தா?" என்று கேட்டார். ஒருவன் அவசரமாகச் சட்டையைப் போடத் தொடங்கினான். மாஸ்டர்தான் சொன்னார்: "தம்பி, மறுக்கிறதுக்குப் பேர் குடுக்கவேணும். பேர் குடுத்தா விலாசம் கேப்பாங்கள்."

என்னிடம் வேலை செய்வதற்கான அனுமதிக் கடிதம் இருந்தது. அதனால் டொங்கா அண்ணை என்னை இழுத்துக்கொண்டு போனார். இயக்குநரிடம் நான் சொன்னேன்: ஐயா, அது நடிப்பு இல்லை. எங்களுடைய ஊரில் குண்டு விழுகிறது, அந்தச் சத்தத்துக்கு எங்களுக்கு அப்படித்தான் வரும். அது எங்களுடைய பயம், இவருடைய ஊரின் பயம் இல்லை. ஐயோ என்பது இவருடைய சொல்லும் இல்லை. என் வாழ்க்கையில் பகிடி விடாமல் பேசிய மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. இயக்குநர் முழுவதையும் கேட்டார். கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது, இதை யாராலும் நடிக்க முடியாது, இதை வெட்டவே கூடாது என்றார். முதலில் அவருக்கு வெட்டலாமா என்று ஒரு சின்னச் சந்தேகம் இருந்திருக்கிறது. நான் போய்த் தீர்த்துவைத்தேன்.

அந்தச் சொல் எந்த மொழி என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றும் கேட்டார். வெளியே வந்ததும் டொங்கா அண்ணை என்னிடம், "ஐயோ எண்டா என்ன?" என்று மறுபடியும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "அர்த்தமில்ல அண்ணை. அது தானா வரும்" என்றேன்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீடியோக் கசெட்டாக வந்தது. அப்டன் பார்க்கிலும் கிங்ஸ்பரியிலும் எங்களுடைய கடைகளில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்கட ஆக்கள் இங்கிலிஷ் படத்தில், எங்கட சொல்லு இங்கிலிஷ் படத்தில் என்று வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். லண்டனில் எடுத்த ஒரு படத்தில் நாங்கள் முதல்முதலாக முகம் காட்டினோம், டொங்காக்காரர்களாக. டொங்காக்காரர்கள் முதல்முதலாகப் பேசினார்கள், தமிழில். மாஸ்டரின் மகள் குடும்பம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. பேரப்பிள்ளைகள் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தாத்தா விழுகிறார், எழும்புகிறார், விழுகிறார். "தாத்தா, யூ ஆர் ஸோ ஃபனி!" மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். நான் வரவேற்பறையில் பிள்ளைகளோடு இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது நன்றாக வரும்.

டொங்கா அண்ணைக்கு அதன்பிறகு கதாநாயக வேடம் கிடைத்ததாக நான் அறியவில்லை. சில வருடங்கள் கழித்து வெம்பிளிப் பக்கம் எங்களுடைய ஆட்களின் கல்யாணம் ஒன்றுக்குப் போனேன். மண்டப வாசலில் கறுப்புக் கோட்டோடு காவலுக்கு நின்றவர் அவர்தான். கோட்டுப் பட்டன் பூட்டவில்லை, தலையில் நரை. கார் நிறுத்துமிடத்தில் நின்ற எங்களுடைய பெடியன்கள் அவரை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள். "டொங்கா அங்கிள்! டொங்கா அங்கிள்! ஐயோ!" என்று கத்தி, ஒருவன் மேல் ஒருவன் விழுந்து காட்டினார்கள். அவர்களுக்குக் கையசைத்தார். அவர்களில் இரண்டுபேர் எனக்கு மருமக்கள் முறை. அதட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு அதட்டுவது?

உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். என்னைத் தெரிந்துகொண்டார். முதல் கவளத்தை நின்றபடியே சாப்பிட்டார். மாஸ்டர் எப்படி என்று கேட்டார். மாஸ்டர் போன வருடம் போய்விட்டார் என்றேன். தட்டைச் சுவரோரமாக வைத்துவிட்டு, கோட்டை இழுத்துப் பட்டன்களைப் பூட்டினார். வயிற்றில் இறுகியது, ஆனாலும் பூட்டினார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மழை வருமா என்று கேட்டிருக்கலாம், ரக்பியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் என் வாய் எப்போதாவது சும்மா இருந்திருக்கிறதா? "அண்ணை, படத்தை ஊரில பாத்தவையோ? மாமி என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"மாமியும் சிரிச்சவ."